கவனம் நில்லாத பிள்ளைகளும் கூடிநின்ற பெற்றோரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடியிலுள்ள ஃபுளோரிடா மாநிலத்தில் பிளாண்டேஷன் என்றொரு நகரம் உண்டு. உலக வரலாற்று நூல்களில் அதற்குத் தனியிடம் ஏதுமில்லை. ஆயினும் 1987-ஆம் ஆண்டில் அவ்வூரில் சில தாய் தந்தையரும், ஹார்வி பார்க்கர் என்னும் உளவியலாளர் முதலிய ஓரிருவரும் கூடித் தொடங்கிய ஒரு சங்கம், சில ஆண்டுகளுக்குள் அந்நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பரவிற்று. நாட்டின் கல்விச் சட்டத்திற்கு எவ்வாறு பொருள் கொள்வது என்னும் வழக்கிலும் அதன் குரல் கேட்டது. சாட் என்று சுருங்க வழங்கும் அச்சங்கத்தைப் பற்றியும், அதனைத் தாங்கி நின்றவர்கள் எத்தகையோர் என்பது பற்றியும், அவர்களுடைய முயற்சியில் நேர்ந்த இடர்களைப் பற்றியும் நேயர்களுக்குச் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அவர்களை ஒன்று சேர்த்தது செல்வமோ அரசியலோ அன்று. அவர்தம் பிள்ளைகளின் இயல்பே. வகுப்பில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார இயலாத பிள்ளை. வினா முடியுமுன் விடை கூறிவிடும் பிள்ளை. நேற்று வாங்கிய பென்சிலை இன்று தொலைத்து நிற்கும் பிள்ளை. சொன்ன சொல் காதில் விழுந்தும் மனத்தில் தங்காத பிள்ளை. இத்தகைய குணங்கள் எல்லாக் குழந்தைகளிடத்தும் ஓரளவு உண்டு என்பதை நாம் அறிவோம். அதனாலேயே இதனை நோய் என்று சொல்லப் பலர் தயங்குகின்றனர். மருத்துவ நூலார் இதற்கு எல்லை வகுத்துள்ளனர். இக்குறிகள் ஆறு திங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீட்டில் மட்டுமோ பள்ளியில் மட்டுமோ அன்றி இரண்டு சூழல்களிலேனும் காணப்படவேண்டும். பிள்ளையின் படிப்பையும் பழக்கத்தையும் மெய்யாகவே குலைக்கவேண்டும். இவை யாவும் பொருந்தினாலன்றி மருத்துவர் இப்பெயரை இடுவதில்லை. உலகின் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், 100 பிள்ளைகளுள் ஏறத்தாழ ஐவருக்கு இந்நிலை இருப்பதாகக் கணித்திருக்கிறார்கள். ஓடியாடித் தொல்லை செய்யும் சிறுவன் எளிதில் கண்ணில் படுகிறான். சன்னலோரம் அமர்ந்து எங்கோ நினைவாய் இருக்கும் சிறுமியோ ஒருவர் கண்ணிலும் படாமல் ஆண்டுதோறும் பின்தங்கிக்கொண்டே போகிறாள். அவளுக்கும் இருப்பது அதே கோளாறுதான்.

இதன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ.டி.எச்.டி. என்னும் ஆங்கில முதலெழுத்துப் பெயரைத் தமிழில் ‘கவனக் குறைவு மிகையியக்கக் கோளாறு’ என்று பெயர்க்கிறார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தொடர் மனநிறைவு தருவதில்லை. குற்றம் தமிழினுடையது அன்று, மூலத்தினுடையது. இப்பிள்ளைகளுக்குக் கவனம் குறைவு என்பது முழு உண்மையன்று. விருப்பமான விளையாட்டிலோ, கழற்றிப் போட்ட கடிகாரத்திலோ மணிக்கணக்கில் மூழ்கியிருக்கும் பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று எவ்வாறு சொல்வது? வேண்டிய இடத்தில் வேண்டிய பொழுதில் கவனத்தை நிறுத்தவும், நிறுத்திய இடத்திலிருந்து எடுக்கவும் அவனுக்கு ஆற்றல் போதவில்லை என்பதே மெய். ‘பார், பிடித்த வேலை என்றால் செய்கிறான், ஆகவே இது சோம்பல்தான்’ என்று தந்தையரும் ஆசிரியரும் தீர்ப்புக் கூறுவதற்குப் பெரும்பாலும் இடங்கொடுப்பது இந்தப் பெயரே என்று நாம் கருதுகிறோம்.

இந்நிலை புதிதாக முளைத்ததன்று. 1798-இல் அலெக்சாந்தர் கிரைட்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கவனம் நிலைகொள்ளாத தன்மையைப் பற்றி எழுதினார். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இலண்டனில் இத்தகைய பிள்ளைகளைக் குறித்துச் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்பவர், தலைவலி தீருமோ என்று எண்ணிச் சில பிள்ளைகளுக்குக் கிளர்ச்சி மருந்து ஒன்றைக் கொடுக்க, தலைவலி ஒருபுறம் இருக்க, அவர்களிற் பலர் அமைதியாக அமர்ந்து பாடம் படிக்கலாயினர்! 1944-இல் சுவிட்சர்லாந்தில் சீபா என்னும் கம்பெனியின் இரசாயன அறிஞர் லியாண்ட்ரோ பனிசோன் மெதில்ஃபெனிடேட் என்னும் மருந்தை ஆக்கினார். அவருடைய மனைவியாரின் செல்லப்பெயர் ரீட்டா. அதிலிருந்தே ரிட்டலின் என்னும் விற்பனைப் பெயர் பிறந்ததாகச் சொல்வர். அந்த அம்மையார் டென்னிஸ் ஆடுமுன் அதனை உட்கொள்வது வழக்கமாம். மருந்தின் கதை இவ்வாறு வேடிக்கையாகத் தொடங்கினாலும், பின்னர் அது வேடிக்கையாக இருக்கவில்லை.

1980-களில் அமெரிக்கப் பெற்றோர் இருந்த நிலையைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். மருத்துவ அகராதியில் கோளாற்றுக்குப் பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அப்பெயருக்கு மதிப்பில்லை. பிள்ளை குருடன் அல்லன், செவிடன் அல்லன், அறிவில் குறைந்தவனும் அல்லன். ஆகவே சிறப்புக் கல்விக்கு உரியவன் அல்லன் என்று பல பள்ளிகள் கைவிரித்தன. எஞ்சியது ஒன்றே: வளர்ப்பின் குறை. நம் ஊரில் ‘அடியாத மாடு படியாது’ என்பார்கள். அவர்களுடைய ஊரிலும் அதற்கு நிகரான அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. கடைத்தெருவில் பிள்ளை தரையில் விழுந்து புரளும்போது, சுற்றி நிற்பவர் பார்வை பிள்ளையின்மீது அன்று, தாயின்மீதே பதிகிறது. இந்த நாணத்தைத் தனியே சுமந்தவர்கள் ஓரிடத்தில் வட்டமாக அமர்ந்து, ‘எங்கள் வீட்டிலும் அப்படியே’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே சாட் சங்கத்தின் முதல் சேவை எனலாம். இன்றளவும் அதன் கிளைகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். தாமோ தம் பிள்ளைகளோ இக்கோளாற்றுடன் வாழ்பவர்கள். பெற்றோரைப் பயிற்றுவிக்க அவர்கள் நடத்தும் பாடத்திட்டத்தில் பயிற்றுநர்களும் அத்தகைய பெற்றோரே.

ஆறுதல் கூறுவதோடு அவர்கள் நிற்கவில்லை. 1990-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் ஊனமுற்ற பிள்ளைகளின் கல்விச் சட்டத்தைத் திருத்த முற்பட்டபோது, இக்கோளாற்றையும் பெயர் சொல்லிச் சேர்க்கவேண்டும் என்று சாட் வற்புறுத்திற்று. நியூ ஜெர்சியைச் சேர்ந்த மேரி ஃபௌலர் என்னும் தாய், தம் மகனை வளர்த்த வரலாற்றை நூலாக எழுதியவர், இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றார். எதிர்ப்பும் வலுவாக இருந்தது. ஆசிரியர் சங்கங்களும் பள்ளிக் குழுச் சங்கங்களும் செலவையும் பளுவையும் எண்ணி மறுத்தன. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் சங்கமும் எதிர்த்தது. தம் பிள்ளைகளைப் பிரித்து ஒதுக்க இன்னொரு முத்திரை கிடைத்துவிடும் என்பது அவர்களுடைய அச்சம். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. முடிவில் பாராளுமன்றம் புதுப் பிரிவு எதனையும் சேர்க்காமல், பொதுமக்களின் கருத்தைக் கேட்குமாறு கல்வி இலாகாவைப் பணித்தது. 2,000-க்கு மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. 1991-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி அவ்விலாகா ஒரு சுற்றறிக்கை விடுத்தது. ‘பிற உடல்நலக் குறைபாடு’ என்னும் பழைய பிரிவின் கீழேயே இப்பிள்ளைகளுக்கும் சிறப்புக் கல்விக்கு உரிமை உண்டு என்று அது தெளிவுபடுத்திற்று. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பொருள் மட்டும் விளங்கிற்று. பள்ளிக் கதவு திறந்தது.

1999-இல் வந்த விதிகளில்தான் கோளாற்றின் பெயர் நேராக ஏறிற்று. அவ்விதிகளில் ஒரு நயமான விளக்கம் உண்டு. சுற்றுப்புறத்திலுள்ள ஒவ்வொன்றுக்கும் மிகையாக விழிப்புற்றிருப்பதன் காரணமாகப் பாடத்தில் விழிப்புக் குறைந்துபோவதும் குறைபாடே என்பது அதன் கருத்து. மேலே நாம் பெயரைக் குறித்துச் சொன்ன குறையை அந்நாட்டு விதி வரைந்தவர் எவரோ உணர்ந்திருக்கிறார் போலும். அரசாங்க வாசகங்களோடு நாள்தோறும் மல்லாடும் நமக்கு, அதனை எழுதிய கையை வாழ்த்தவே தோன்றுகிறது.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். சங்கம் வளர்ந்தபோது பணம் தேவைப்பட்டது. பணம் கொடுத்தவர்களுள் ஒருவர் ரிட்டலின் மருந்தைத் தயாரித்த சீபா-கெய்கி கம்பெனியார். 1991 முதல் 1994 வரை சாட் அவர்களிடமிருந்து ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட டாலர்களைப் பெற்றிருந்தது. இதே காலத்தில், அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கழகத்தோடு சேர்ந்து, அம்மருந்தின்மீதுள்ள கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும் என்று அரசாங்கத்திற்கு விண்ணப்பமும் செய்திருந்தது. 1995-இல் அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியில் ஜான் மெர்ரோ என்னும் பத்திரிகையாளர் இந்தப் பண உறவை வெளிப்படுத்தினார். அந்நாட்டின் போதைப்பொருள் கண்காணிப்பு இலாகாவும் அவ்வாண்டில் சங்கத்தின் நோக்கத்தையே ஐயுற்றுக் கருத்துத் தெரிவித்தது. விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. 2000-ஆம் ஆண்டில், மருந்துக் கம்பெனியும் மருத்துவர் சங்கமும் சாட் சங்கமும் கூடிச் சதி செய்து நோயைப் பெருக்கிக் காட்டுவதாகப் பல மாநிலங்களில் வழக்குகளும் தொடரப்பட்டன. அவை தள்ளுபடியாயின, அல்லது வழக்குத் தொடுத்தவர்களாலேயே கைவிடப்பட்டன.

இவ்விஷயத்தில் நமது கருத்தைச் சொல்லவேண்டியது கடமை. வழக்குத் தோற்றதனால் பழி நீங்கிவிட்டது என்று கொள்ள இயலாது. மருந்து விற்பவரின் பணத்தைப் பெற்றுக்கொண்டு மருந்தைப் பற்றிப் பேசும் சங்கம், உண்மையே பேசினாலும், கேட்பவர் செவியில் அது விலைபோன சொல்லாகவே விழும். அப்பெற்றோர் ஏமாற்றுக்காரர் அல்லர். தம் பிள்ளைக்குப் பலன் தந்த மருந்து அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்று விரும்பியவர்கள். ஆனால் அந்த விருப்பமும் கம்பெனியின் இலாபமும் ஒரே பாதையில் நடந்தபோது, பணத்தின் கணக்கைத் தாமே முன்வந்து உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். பின்னாளில் சங்கம் மருந்துக் கம்பெனிகளிடமிருந்து பெறும் தொகையை வெளியிடலாயிற்று. 2002-இல் அந்நாட்டு நோய்த் தடுப்பு நிலையத்தின் அரசாங்க நிதியைக் கொண்டு ஒரு தகவல் நிலையத்தையும் நிறுவிற்று.

மருந்து உண்மையில் பயன் தருகிறதா என்னும் கேள்விக்கு விடை தேடி, 579 பிள்ளைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பெரும் ஆராய்ச்சியின் முடிவுகள் 1999-இல் வெளியாயின. கவனமாக அளவிட்டுக் கொடுத்த மருந்து, 14 திங்கள் வரையில், பழக்கப் பயிற்சியைக் காட்டிலும் கோளாற்றின் குறிகளை நன்கு தணித்தது. பயிற்சியும் மருந்தும் சேர்ந்தபோது, குறிகளுக்கு அப்பால் பிள்ளையின் பிற துன்பங்களும் பெற்றோருடன் உள்ள உறவும் சீர்பட்டன. ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவில் மீண்டும் பார்த்தபோது, வெவ்வேறு சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கிடையே வேற்றுமை மறைந்துவிட்டிருந்தது. மருந்தே எல்லாம் என்பார்க்கும் மருந்து நஞ்சு என்பார்க்கும் இம்முடிவு உவப்பானதன்று. அதே 2007-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, இப்பிள்ளைகளின் மூளை ஏனையோரின் மூளையைப் போன்றே வளர்கிறது, ஆனால் அதன் புறணியின் வளர்ச்சி ஏறத்தாழ மூன்று ஆண்டு தாமதித்து நிகழ்கிறது என்று கண்டது. பத்து வயதுப் பிள்ளையிடம் ஏழு வயதுக்குரிய அடக்கத்தை எதிர்பார்த்தால் வீட்டில் எத்தனையோ கண்ணீர் மிச்சமாகும்.

குழந்தைகளோடு இது முடிந்துவிடும் என்றே நெடுங்காலம் நம்பினர். எட்வர்ட் ஹாலோவெல், ஜான் ரேட்டி என்னும் இரு மனநோய் மருத்துவர்கள், தமக்கே இந்நிலை உண்டென்று வெளிப்படையாகக் கூறி 1994-இல் ஒரு நூல் எழுதினர். அதைப் படித்த நடுத்தர வயதினர் பலர், வாழ்நாளெல்லாம் தம்மைச் சோம்பேறி என்றும் பொறுப்பற்றவர் என்றும் எண்ணியிருந்தது வீண் என உணர்ந்தனர். சாட் சங்கமும் தன் பெயரில் குழந்தைகளோடு வயதுவந்தோரையும் சேர்த்துக்கொண்டது. அதன் மாநாடுகளில் பல்லாண்டுகள் உரையாற்றிய ரஸ்ஸல் பார்க்லி என்னும் உளவியலறிஞரின் செய்தி நெஞ்சை உருக்குவது. இக்கோளாறு உடையவர்கள் மோட்டார் ஓட்டும்போது நேரும் விபத்துகளைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். அவருடைய இரட்டைச் சகோதரருக்கும் இக்கோளாறு இருந்தது. 2006-இல் அவர் மோட்டார் விபத்தில் இறந்தார். தம் ஆராய்ச்சித் தாளில் எண்களாகக் கண்டதைத் தம் குடும்பத்திலேயே காண நேர்ந்ததை, பார்க்லி மேடைகளில் மறைக்காது கூறியிருக்கிறார்.

பிரிட்டனிலும் இதே கதைதான் சிற்சில மாற்றங்களோடு நடந்தது. இக்கோளாறுடைய பிள்ளைகளின் தாயான ஆண்ட்ரியா பில்போ 1990-களில் ஆடிஸ் என்னும் தகவல் சங்கத்தை நிறுவினார். பின்னர் ஐரோப்பியச் சங்கங்களின் கூட்டமைப்புக்கும் தலைமை பூண்டார். லிவர்பூல் நகரில் 2017-இல் மற்றொரு தர்ம ஸ்தாபனத்தார் ஒரு தெருவின் குறுக்கே வண்ணக் குடைகளைத் தலைகீழாக்காமல் விரித்தே தொங்கவிட்டனர். பலவகைக் கோளாறுகளும் ஒரே குடையின்கீழ் அடங்கும் என்பது குறிப்பு. வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நடந்த பிள்ளைகளுக்கு அன்றைக்கு யாரும் ‘தரையைப் பார்த்து நட’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நமக்கு இவற்றால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். வேலை நிமித்தம் மாநிலம் விட்டு மாநிலம் மாறும் தமிழ்க் குடும்பங்களில் இக்கோளாறு மறைந்துகொள்ள மிக வசதியான இடம் ஒன்று இருக்கிறது. அது மொழி. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே பிள்ளை தடுமாறும்போது, ‘பாஷை புரியவில்லை, போகப் போகச் சரியாகும்’ என்று ஆசிரியரும் நினைக்கிறார், பெற்றோரும் நினைக்கின்றனர். சில பிள்ளைகளுக்கு அது மெய்யே. பிரித்தறிய ஒரு வழி உண்டு. தாய்மொழியில் கதை சொல்லும்போதும், ஊருக்குச் சென்று பாட்டி வீட்டில் இருக்கும்போதும் பிள்ளை அப்படியேதான் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அங்கே அடங்கி அமர்ந்து கேட்கும் பிள்ளைக்கு மொழியே தடை. அங்கும் கதையின் நடுவே எழுந்து ஓடுகிற பிள்ளைக்குக் காரணம் வேறாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுவதே தக்கது. மாறாக, மொழி தெரியாத பிள்ளைக்கு அவசரப்பட்டுக் கோளாற்றின் பெயரைச் சூட்டும் ஆபத்தும் இல்லாமல் இல்லை. ஆகையால் பரிசோதிப்பவரிடம் வீட்டு மொழி தமிழ் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இயன்றால் தமிழறிந்த ஒருவரைக் கொண்டே பிள்ளையைப் பேசச் செய்ய வேண்டும்.

நம் நாட்டுச் சட்ட நிலையையும் அறிந்திருத்தல் நலம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைகள் குறிக்கப்பட்டுள்ளன. தற்புனைவு நிலையும், கற்றலில் தனிப்பட்ட குறைபாடும் அதில் உள்ளன, ஏ.டி.எச்.டி. தனியே பெயர் பெறவில்லை. அமெரிக்கப் பெற்றோர் 1990-இல் நின்ற வாயிலில்தான் இந்தியப் பெற்றோர் இன்று நிற்கிறார்கள் என்று சொல்லலாம். எனினும் இக்கோளாறுடைய பிள்ளைகள் பலருக்குக் கற்றலில் தனிக் குறைபாடும் சேர்ந்தே இருப்பதுண்டு. அவ்வாறிருப்பின் அதற்கான சான்றிதழ் பெற்றுத் தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளைக் கோரலாம். சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் பெற்றோரும் ஆர்வலரும் கூடி அமைத்த மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம், எழுத்துப் படிப்பில் இடர்ப்படும் பிள்ளைகளுக்காக இத்துறையில் உழைத்து வருகிறது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவ நிலையத்தில் குழந்தைகளின் மனநலத்திற்கென்றே தனித் துறை உண்டு.

மாற்றலாகிச் செல்லும் குடும்பத்தார்க்கு ஒன்று சொல்லவேண்டும். மெதில்ஃபெனிடேட் நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. மருத்துவரின் சீட்டு இன்றிக் கிடைக்காது; எல்லாக் கடைகளிலும் இருப்பதும் இல்லை. புது ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் தேடத் தொடங்கினால் பிள்ளை சில வாரம் மருந்தின்றி இருக்க நேரிடும். புதுப் பள்ளியில் முதல் வாரங்களே அவன் பெயர் கெடுவதற்குப் போதுமானவை. ஆதலால் பரிசோதனை அறிக்கையையும், மருந்தின் அளவு குறித்த சீட்டையும், பழைய வகுப்பாசிரியர் எழுதித் தரும் ஒரு கடிதத்தையும் பாத்திரம் பண்டங்களோடு மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசாங்கம் 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம். எந்த மாநிலத்திலிருந்து அழைத்தாலும், மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழைக் கேட்டுப் பெறலாம்.